கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம்

எங்கள் வீட்டில் இந்த வருசம் அதிகமாக வாக்குவாதம் நடந்தது ஒரு சாமானைப் பற்றி. அந்தச் சாமான் அப்போது வீட்டில் இருக்கவில்லை. அதில் படுக்கப் போகிற ஆளும் இன்னும் வந்து சேரவில்லை.

பெட்சைட் கொட். தமிழில் 'கட்டில்பக்கத் தொட்டில்' என்று நானே ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன், வீட்டில் ஒருவரும் அதை ஏற்கவில்லை. மூன்று பக்கம் அடைப்பு, நாலாவது பக்கம் திறப்பு. திறந்த பக்கத்தைத் தாயின் கட்டிலோடு ஒட்டவைத்து வாரால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பிள்ளை தாயின் கை எட்டும் தூரத்தில், ஆனால் தன்னுடைய சொந்த மெத்தையில் படுத்திருக்கும். ராத்திரி பால் கொடுக்க இறங்கி நடக்கத் தேவையில்லை. கையை நீட்டி இழுத்துக்கொண்டால் போதும்.

கொழும்பில் வேலை செய்யும் மச்சான்தான் இதன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிள்ளை என்பதால் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். விலை 42,000 ரூபாய். 2024 இல் தோட்டத்து நாட்சம்பளத்தை 1,350 ஆக்கினார்களே, அந்தக் கணக்கில் அம்மாவுக்கு 31 நாள் பேர். கிலோ குறைந்து அரைப்பேர் விழாமல் இருந்தால்தான் அதுவும். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் காசுக்கு ஒரு பக்கத்துச் செவுத்த காணோமே"ன்னு சொன்னாள். வீடே சிரித்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அது வேணும்.

நான் முதலில் எடுத்தது அளவுநாடாவை. எங்கள் வீடு பசறை டவுனிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்தில், வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் இருக்கிறது. காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, தையல் மெசின், சாமிப்படத் தட்டு, என் புத்தகங்கள். கதவு உள்பக்கம் திறக்கும். எல்லாவற்றையும் கழித்தால் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் மிஞ்சுவது ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட. ஒரு முழம் என்று வையுங்கள். படத்தில் இருந்த கொட்டுக்கு இருபது அங்குலத்துக்கு மேல் வேண்டும். அதோடு அதன் கால்கள் 'ட' மாதிரி வளைந்து பெரிய கட்டிலுக்கு அடியில் போகிறவை. எங்கள் கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டை, இரண்டு சூட்கேஸ், கல்யாணப் பாத்திரங்கள், போன வருச உருளைக்கிழங்குச் சாக்கு. லயத்தில் கட்டிலுக்குக் கீழே இருப்பது காலி இடம் இல்லை, அதுதான் ஸ்டோர் ரூம்.

இந்தச் சாமானை வடிவமைத்த ஆள் மனதில் ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டில் கட்டிலுக்குப் பக்கம் என்று ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் கட்டிலுக்கு இருப்பது ஒரு முழம்.

இதற்கிடையில் அப்பாயி தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "என்னாத்துக்கு அதெல்லாம்? வளையத்துல ஒரு சேலயக் கட்டுனா முடிஞ்சு போச்சு. ஒங்கப்பன் அதுலதான் வளந்தான். நீங்க ரெண்டு பேரும் அதுலதான் வளந்தீங்க." எங்கள் உத்தரத்தில் அந்த இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. இப்போது அதில் வாழைக்குலை தொங்குகிறது. அதோடு, பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்கி வைப்பதும் வெறும் தொட்டிலை ஆட்டுவதும் ஆகாது, முப்பது கழிந்த பிறகு தாய்மாமன் கையால் போட வேண்டும் என்பது அவர் கட்சி. தாய்மாமன் நான். அந்த முப்பது நாளும் பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்டால், "தாயோட." அவ்வளவுதான்.

கெம்பஸ் ஹொஸ்டலில் இந்தக் கதையைச் சொன்னபோது யாழ்ப்பாணத்து நண்பன், "ஓ, ஏணையோ" என்றான். தமிழ்நாட்டுப் பக்கம் தூளி என்பார்கள். நாங்கள் தொட்டில் என்கிறோம், பேச்சில் தொட்டி. எங்கே போனாலும் ஒரு பழைய சேலைதான், அதுவும் அம்மா உடுத்திய சேலை. நான் கேள்விப்பட்ட எல்லா வீட்டிலும் ஒரு வளர்ந்த ஆளாவது அதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் குழைந்துவிடுவார். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் புரட்டினாலும் அந்தச் சேலை எங்கோ ஆடிக்கொண்டே இருக்கிறது. அதனால் இதை வெறும் மூடப்பழக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை, தள்ளவும் கூடாது. தொட்டில் ஏன் பிள்ளையைத் தூங்கவைக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கை கால் திடுக்கிட்டு உதறும் பச்சைப்பிள்ளையை அது எல்லாப் பக்கமும் அணைத்துப் பிடிக்கிறது. வயிற்றுக்குள் இருந்த ஆட்டத்தைத் திரும்பக் கொடுக்கிறது. ஈரத் தரையிலிருந்தும் எறும்பிலிருந்தும் தூக்கிவைக்கிறது. காம்பராவில் துளி இடமும் பிடிக்காது. வடிவமைப்பு என்று பார்த்தால் அந்த 42,000 ரூபாய் சாமானைவிடக் கெட்டித்தனமானது.

ஆனால் அதன் அடி வளைவு.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு அமெரிக்கக் கதை. ஃபிஷர் பிரைஸ் என்ற பெரிய விளையாட்டுச் சாமான் கம்பெனி 2009 இல் 'ரொக் அன் பிளே' என்று ஒரு சாய்வுப் படுக்கையை விற்கத் தொடங்கியது. பிள்ளை பாதி உட்கார்ந்த மாதிரி சாய்ந்து படுக்கும், தொட்டுவிட்டால் ஆடும், சட்டென்று தூங்கிவிடும். தாய்மார் கொண்டாடினார்கள். பத்து வருசம் கழித்து, 2019 ஏப்ரலில், 30 க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் இறப்புகள் தெரியவந்த பிறகு, ஏறத்தாழ 47 இலட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2022 இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது: பத்துப் பாகைக்கு மேல் சரிந்த குழந்தைப் படுக்கையை இனி விற்க முடியாது. தொட்டில்களுக்கு உள்ளே சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தை ஓரங்களையும் அதே சட்டம் தடை செய்தது.

காரணம் சிக்கலானதல்ல. பிறந்த பிள்ளைக்கு உடம்போடு பார்க்கையில் தலை பெரிது, பாரமும் அதிகம். கழுத்துக்கு அதைத் தாங்கும் பலம் கிடையாது. மூச்சுக்குழாய் மெல்லியது, குளிர்பானக் குழல் மாதிரி மடங்கும். உடம்பு வளைந்து கிடந்தால் நாடி நெஞ்சில் வந்து முட்டும். குழல் மடங்கும். பெரிய பிள்ளையாக இருந்தால் தலையைத் திருப்பும், சிணுங்கும். பச்சைப்பிள்ளை சத்தம் போடாது. தூங்குகிற மாதிரியே இருக்கும்.

குறை மாதத்திலோ எடை குறைந்தோ பிறந்தால் இந்த ஆபத்து இன்னும் கூட. கிளினிக்கில் அக்காவின் கார்டைப் பார்த்துவிட்டு பிள்ளை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதனால்தான் நான் இதை இவ்வளவு தேடி வாசித்தேன். இல்லாவிட்டால் வாழைக்குலையை இறக்கிவிட்டு நானே சேலையைக் கட்டியிருப்பேன்.

"அப்ப நீங்க எல்லாம் எப்பிடிப் பொழச்சீங்க?" அப்பாயி கேட்ட இந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. உண்மையில் நாங்கள் எப்படிப் பிழைத்தோம்? விடை பிள்ளைக் காம்பராவில் இருக்கிறது.

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கும், பெயின்ட் அடித்து மிக்கி மவுஸ் வரைந்திருக்கும். அம்மா காலத்தில் ஒரு நீள அறை, குறுக்கே ஒரு நீளக் கட்டை, அதில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். நடுவில் ஆயாம்மா. ஒரு தொட்டிலை ஆட்டிவிட்டு அடுத்ததை ஆட்டி, அது நிற்குமுன் மூன்றாவதை ஆட்டி, திரும்ப முதலாவதுக்கு வருவாராம். ஒவ்வொரு தொட்டிலின் வாயிலும் ஒரு சின்னக் கம்பைக் குறுக்கே வைத்து விரித்து வைத்திருப்பார், உள்ளே முகம் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒரு வயது ஆகும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலைநேரத்துக்குள் இரண்டு தடவை தாயை விட வேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் மலையிலிருந்து இறங்கி, கொடுத்து, திரும்ப ஏற வேண்டும். அம்மா ஓடித்தான் வருவாளாம். பாதி நாள் நான் தூங்கிப் போயிருப்பேனாம். நெஞ்சு கட்டிக்கொண்டு வலியோடு திரும்பிப் போயிருக்கிறாள்.

அந்தத் தொட்டில்களில் பிள்ளைகள் தூங்கினார்கள், சரி. ஆனால் அது பகல். ஒரு ஆள் முழு நேரமும் முழித்திருந்து, கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக்கொண்டே இருந்தார். சேலைத் தொட்டில் என்பது சேலையும் கயிறும் மட்டும் இல்லை, முழித்திருக்கிற ஒரு ஆளும் சேர்ந்தால்தான் அது முழுத் தொட்டில். கூட்டுக்குடும்பத்தில் பகலில் அந்த ஆள் கிடைப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு யார்? ஆறரை மணிப் பிரட்டுக்குப் போக வேண்டிய அம்மாவா? கொழும்பில் இருக்கிற மச்சானா? பெட்சைட் கொட் என்பது எல்லாரும் தூங்குகிற நேரத்துக்கான சாமான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது நல்லது என்று கேட்டதுதான் எங்கள் வீட்டுச் சண்டையின் கோளாறு.

இதே கேள்வி அப்பாயி சொன்ன மற்ற வழிக்கும், அதாவது "தாயோட" என்பதற்கும் வரும். ஜேம்ஸ் மெக்கென்னா என்ற மானுடவியலாளர், தாயும் பிள்ளையும் ஒட்டிப் படுப்பதுதான் மனித இனத்தின் இயல்பு, பால் கொடுப்பதும் தூக்கமும் சேர்ந்த ஒரே செயல் என்று பல வருசமாக வாதாடுகிறவர். அவர் சொல்வதில் எனக்கு நிறைய உடன்பாடு உண்டு. ஆனால் எங்கள் மெத்தை நடுவில் குழிந்த பஞ்சு மெத்தை. அதில் அக்கா படுத்தால் பிள்ளை அவள் பக்கம் உருளும். மேலே கம்பளிப் போர்வை, ஏனென்றால் மார்கழியில் பசறைக் குளிர் அப்படி. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2022 இல் சொன்ன ஆலோசனை இதற்கு நடுவில் நிற்கிறது: குறைந்தது முதல் 6 மாதம் ஒரே அறையில், தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஆனால் தனிப் பரப்பில். கெட்டியான, தட்டையான, சரிவில்லாத பரப்பு. மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை ஒன்றும் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி பிரிட்டனில் 1991 இலும் அமெரிக்காவில் 1994 இலும் பெரிய பிரசாரங்கள் நடந்து, தொட்டிலில் காரணம் தெரியாமல் நடக்கும் இறப்புகள் அந்த நாடுகளில் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்து இல்லை, மெசின் இல்லை. பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள்.

தலை உருண்டையாக வரவேண்டும் என்று அப்பாயி தைத்து வைத்திருந்த கடுகுத் தலையணை இந்த இடத்தில் அடிபட்டுப் போனது. அவருக்கு அதில் இன்னும் கோபம்.

சரி, தட்டையாக, கெட்டியாக, காலியாக, கிட்டத்தில். இந்த நாலில் எதற்கும் 42,000 ரூபாய் வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. அந்தப் படத்தில் விலை போட்டிருந்ததெல்லாம் வேறு விசயங்களுக்கு: சில்லு, வலை ஜன்னல், ஆறு உயரத்தில் மாற்றக்கூடிய கால், பயணப் பை.

நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எங்களுடையது மாதிரியே ஒரு பிரச்சினை இருந்தது. பிள்ளையோடு சேர்ந்து படுப்பது அவர்கள் பரம்பரை வழக்கம். பிள்ளையைத் தனியாகப் போடு என்று சுகாதாரத் துறை சொன்னால் காதில் ஏறவில்லை, ஏறவும் நியாயமில்லை. இறப்புகளோ அவர்களிடையே அதிகம். 2000 களின் நடுவில் சில மாவோரி நெசவாளர்களும் டேவிட் டிபேனி லீச் என்ற மருத்துவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். ஹரகேகே என்ற அவர்கள் ஊர் நீள இலையில் முடைந்த, தட்டையான அடியுள்ள கூடை. பெயர் வஹாகுரா. அதைப் பெரியவர்களின் கட்டிலுக்கு மேலேயே வைத்து, பிள்ளையை அதற்குள் படுக்கவைக்கலாம். எல்லாரும் ஒன்றாகத்தான் படுக்கிறார்கள். பிள்ளைக்கு மட்டும் தன் எல்லை இருக்கிறது. 2011 இல் கிறைஸ்ட்சர்ச் பூகம்பத்துக்குப் பிறகு வீடிழந்த குடும்பங்களுக்கு இதையே பிளாஸ்டிக் பெட்டியில் செய்து கொடுத்தார்கள்.

கூடை என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கொழுந்துக் கூடைதான். இப்போது எங்கள் தோட்டத்தில் அதற்குப் பதிலாக ரெட்டு. அம்மாவின் பழைய கூடை கோழி அடைகாக்கப் போய்விட்டது. கூடைக்கதையை வீட்டில் சொன்னபோது அம்மா, "கோழிக்கூடையிலயா எம் பேரப்புள்ள?" என்று கேட்ட கேள்வியோடு அந்த யோசனை முடிந்தது.

வேறொரு ராத்திரி அப்பாயி தானாகவே பேசினார். கரண்ட் இல்லை. அப்பாவுக்கு முன்னால் ஒரு பொம்பளைப் பிள்ளை. இருபத்தேழு நாள். "காலையில பாத்தா அப்பிடியே கெடந்துச்சு. காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. காத்து பட்டுருச்சுன்னாங்க. கணக்கப்புள்ள ஒரு நா பேர் போட்டுக் குடுத்தாரு." அவ்வளவுதான் சொன்னார். தொட்டிலிலா பாயிலா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அறுபது வருசத்துக்குப் பிறகு ஒரு கிழவியிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. ஆனால் அடுத்த நாள் நான் திரும்ப அளவுநாடாவை எடுத்தபோது, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான்.

டவுனில் ஒரு மரவேலை பாஸ் இருக்கிறார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், அவருக்குத் தமிழ் சுமாராக வரும், மிச்சத்தைக் காகிதத்தில் வரைந்து பேசினோம். பைனஸ் பலகை. நீளம் 33 அங்குலம், அகலம் 18, அதாவது எங்கள் முழம். மூன்று பக்கமும் ரீப்பர் அடைப்பு. ரீப்பர்களுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று சொன்னேன். அந்த அளவுக்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை சிக்கும். ஒரு சோடாக் கேன் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிக் கொடுத்ததும் பாஸ் உடனே பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கடையில் ஒரு கேன் வாங்கி, குடித்துவிட்டு, வேலை முடியும்வரை அதை மேசையிலேயே வைத்திருந்தார். அடியில் சட்டம் மட்டும் போதாது, முழுப் பலகை வேணும், ஆனால் காற்றுக்குத் துளை போட வேணும். கால்கள் நேர்க்கால்கள், கட்டிலுக்கு அடியில் போகாதவை. பெயின்ட் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், சேண்ட் பேப்பர் மட்டும் போட்டுக் கையால் தடவிப் பார்த்துத் தாங்க என்று சொன்னேன். அவர் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

அதிகமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டது உயரத்துக்கு. பெட்சைட் கொட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சின்ன மெத்தையும் பெரிய மெத்தையும் ஒரே மட்டத்தில், நடுவில் விரல்கூட நுழையாமல் ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் அந்தப் பள்ளம்தான் பிள்ளைக்கு மோசமான இடம். எங்கள் பஞ்சு மெத்தையோ ஆள் ஏறினால் இறங்கும். அக்காவை உட்காரவைத்து ஒரு அளவு, படுக்கவைத்து ஒரு அளவு எடுத்தோம். கடைசியில் அவள் மெத்தைக்கு அடியில் பலகை போட்டுத் தட்டையாக்கி, அதை அளந்து 16 அங்குலம் என்று முடிவு செய்தோம். கட்டில் சட்டத்தோடு இரண்டு கொளுக்கி, சுற்றி ஒரு நைலோன் வார். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. சின்ன மெத்தைக்குப் பஞ்சு வேண்டாம் என்று தும்பு மெத்தை வெட்டுவித்தோம். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக்கூடாது. ஓரங்களில் இரண்டு விரல் நுழைகிற இடம் இருக்கக்கூடாது. மொத்தச் செலவு 12,300 ரூபாய், முச்சக்கரவண்டிக் கூலியோடு. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது: "என்னா இது, பழப் பெட்டி மாதிரி." பின்லாந்தில் 1938 இலிருந்து தாய்மாருக்கு அரசாங்கமே துணிமணி வைத்த ஒரு அட்டைப் பெட்டி கொடுக்கிறது, அந்தப் பெட்டிதான் நிறையப் பிள்ளைகளுக்கு முதல் படுக்கை என்று நான் எடுத்துச் சொன்னேன். பின்லாந்தைப் பற்றி அம்மாவுக்கு அக்கறை இல்லை. இரண்டு நாளில் அதற்கு ஒரு வெள்ளைத் துணி உறை தைத்துப் போட்டாள், இழுத்து இறுக்கி, மடிப்பு இல்லாமல். பிள்ளை வரும்வரை அது காலியாக நிற்பது ஆகாது என்று அப்பாயி உள்ளே ஒரு அம்மிக் குழவியைப் படுக்கவைத்தார். அதற்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டது தோட்டத்து மிட்வைஃப் மிஸ்தான். வீட்டுக்கு வந்து காம்பராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குசினிப் புகை எந்தப் பக்கம் வருது?" என்றார். எங்கள் குசினியில் விறகடுப்பு. குசினிக்கும் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. கட்டிலின் தலைமாடு சரியாக அந்தச் சுவரில். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அதனால் அலுமாரி இஸ்தோப்புக்குப் போனது. அங்கே மழைச்சாரல் அடிக்கும் என்பதால் அதற்கு ஒரு தகரம். தகரத்துக்கு அப்பா பக்கத்து லயத்தில் கேட்டு வாங்கினார். ஒரு பிள்ளைக்கு ஒரு முழம் இடம் ஒதுக்க ஒரு லயத்தில் எத்தனை சாமான் நகர வேண்டியிருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் எண்ணினேன். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் தருவதாகச் சொல்லிச் சொல்லியே எத்தனை தேர்தல் போய்விட்டது. வீட்டுத் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் சதுர அடிக் கணக்குச் சொல்வார்கள். கதவைத் திறந்தால் பிள்ளையின் படுக்கையில் இடிக்காத வீடு வேணும் என்று கேட்டால் அது இன்னும் தெளிவான கோரிக்கை என்று எனக்குப் படுகிறது.

பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. சீசர். ஆண் பிள்ளை, 2 கிலோ 300. இரண்டரைக்குக் கீழே என்பதால் சில நாள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வீடு.

வயிற்றில் தையலோடு இருக்கிற ஒரு பெண்ணால் தரைப்பாயிலிருந்து எழும்ப முடியாது. தொங்கும் தொட்டிலுக்குக் கையை உயர்த்திப் பிள்ளையைத் தூக்கவும் முடியாது. இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை, ஆனால் அந்தப் பெட்டி முதல் ராத்திரியே செய்து காட்டியது அதைத்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா சிணுங்கல். அக்கா ஒருக்களித்து, கையை நீட்டி, உறைத்துணியோடு சேர்த்து இழுத்து, கொடுத்து, திரும்பத் தள்ளி, மல்லாக்கப் போடுவாள். நான் குசினிப் பக்கம் பாயில் படுத்து அந்தச் சத்தங்களின் ஒழுங்கைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பகலில் அப்பாயி ராச்சியம். வாழைக்குலை இறங்கி, முப்பதாம் நாள் என் கையால் சேலை ஏறியது. வாய்க்குக் குறுக்கே கம்பு வைத்து, பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் ஆட்டுவார். அசந்து தூங்கியதும் தானே தூக்கிப் பெட்டிக்கு மாற்றுவார். யார் சொல்லியும் இல்லை. ஆட்டும்போது பாடுகிற பாட்டில் ஒரு பெயர் வருகிறது. அது எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் இல்லை.

மூன்றாம் மாதம் முடிய அக்கா மடூல்சீமைப் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போகிறாள். பெட்டியும் போகிறது, பஸ்ஸுக்கு மேலே கட்டி. மச்சான் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கட்டிலை அளந்து அனுப்பினார்: 19 அங்குலம், மெத்தையோடு, ஆள் படுத்த பிறகு. ஆள் படுத்த பிறகு என்பதை அவரே எழுதியிருந்தார். பாஸிடம் மூன்று அங்குலத்தில் நாலு கட்டை வெட்டச் சொல்லியிருக்கிறேன். காலோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கித் தர வேணும், சும்மா அடியில் வைக்கிற கட்டை சரிவராது. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.